கிராம் அண்ணனின் திங்கட்கிழமை எடை

அந்த அட்டையை மாட்டியவள் நான்தான். அதனால் திட்டுவதென்றால் முதலில் என்னைத் திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

பழைய இரும்பை உருக்கும் ஆலை எங்களுடையது. வாசலில் லாரிகளை எடை போடும் மேடை. அதன் ஓரத்தில் ஏழு இரும்புப் படி ஏறினால் ஒரு சின்ன அறை. சன்னலோரம் உட்கார்ந்து எடை பார்ப்பவர் கிராம் அண்ணன். பக்கத்து மேசையில் வண்டிக்கு உள்ளே போகச் சீட்டு எழுதுகிறவள் நான். பதினெட்டு வருஷமாக ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள். அவர் இருமினால் எனக்குத் தொண்டை கரகரக்கும், அவ்வளவு பழக்கம்.

கிராம் என்று பேர் வைத்தது டிரைவர்கள். அந்த மேடை பத்து கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது. அதில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் கிராம் கணக்காகக் கேள்வி கேட்பார். வந்த வண்டியைப் பாரத்தோடு ஒருமுறை நிறுத்துவார், இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு முறை நிறுத்துவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அனுப்பியவர் கொடுத்த சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையா, தீர்ந்தது கதை.

ஒருநாள் ஒரு வண்டி நூற்று நாற்பது கிலோ குறைந்தது. டிரைவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

“ரோடு குலுக்கல்ல கொட்டியிருக்கும்ணே. ஒரு தடவை விடுங்க, போகட்டும்.”

“எடை தானா குறையாதுப்பா. எங்கயோ எறங்கியிருக்கு. எங்கன்னு சொல்லு, விடறேன்.”

இரண்டு மணி நேரம். பின்னால் வரிசை கட்டிய வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. மேனேஜர் போன் செய்து கத்தினார். அண்ணன் அசையவில்லை. கடைசியில் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, வழியில் மச்சான் வீட்டில் ஒரு பழைய மோட்டாரை இறக்கிவிட்டு வந்ததை ஒப்புக்கொண்டான். “விடு, போகட்டும்” என்ற வார்த்தை மட்டும் அண்ணன் வாயிலிருந்து வரவே வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆலையில் எல்லோருக்கும் உடம்பைச் சோதிப்பார்கள். அந்த வருஷம் அண்ணன் தொண்ணூற்றேழு கிலோ. ரத்த அழுத்தம் எல்லை தாண்டியிருந்தது, சர்க்கரை எல்லையில் ஒரு காலை வைத்திருந்தது. நான் எண்பத்தொன்று. என் யோக்கியதையும் அப்படித்தான். ஆலை நர்ஸ் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு தாளைக் கொடுத்தாள். காலையில் ஒரு கப் ஓட்ஸ் கஞ்சி, மதியம் தட்டில் பாதி காய்கறி, பொரித்தது கூடாது, சர்க்கரை கூடாது, வெண்ணெய் கூடவே கூடாது.

நான் அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு மறந்திருப்பேன். அண்ணன் மறக்கவில்லை. படி ஏறி வந்து உட்கார்ந்தவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“எங்க அண்ணன் அம்பத்தி நாலுல போயிட்டாரும்மா. மத்தியானம் சாப்பிட உக்காந்தவரு, தட்டுல வெச்ச கைய எடுக்கல. எனக்கு அம்பத்தி நாலு வர இன்னும் பதினோரு மாசம் இருக்கு.”

லாரி எடையைப் படிப்பது போல அதே குரலில் சொன்னார்.

“வாயை மூடுங்கண்ணே. நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? ரெண்டு பேரும் சேர்ந்து குறைப்போம். நான் எழுதி வைக்கிறேன்.”

அப்படித்தான் அந்த அட்டை வந்தது. ஒரு பார்சல் பெட்டியைக் கிழித்து, உள்பக்கம் கோடு போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டினேன். இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். அறை மூலையில் உதிரிப்பாகப் பார்சல்களை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, முதல் வண்டி வருவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆளுக்கொரு முறை ஏறுவோம். அவர் எடையை நான் படிப்பேன், என் எடையை அவர் படிப்பார். இதில் அவர் பைசா சலுகை தர மாட்டார். “மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை குறையாதும்மா, விடு மூச்சை” என்பார்.

சன்னல் கண்ணாடியில் ஒரு துண்டுத் தாளில் ஐம்பத்து நான்கு என்று எழுதி ஒட்டிக்கொண்டார். அதை இத்தனை டன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற புது விதி என்று நினைத்து ஒரு டிரைவர் பதறிப்போனது தனிக்கதை.

முதல் இரண்டு மாசம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! நாக்கு செத்துப்போய்விட்டது. அண்ணன் வெள்ளரிக்காயை நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம் எனக்கு நரம்பில் இழுக்கும். ஒரு டிரைவர் கையில் வடியும் எண்ணெயோடு சீட்டை நீட்டியபோது, அந்தத் தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு விநாடி கண்ணை மூடினார். நான் பார்த்துவிட்டேன். “நான் வாசனைதானே பாத்தேன், அதுக்கு எடை உண்டா?” என்று என் மேலேயே பாய்ந்தார்.

அவர் வீட்டில் அண்ணி இன்னும் கறார். அண்ணி தையல்காரி. முன்னறையிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள். துணி வெட்டுகிற கை, அளவு தப்பாது. அந்தத் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து, கஞ்சியைக் கப்பால் அளந்து ஊற்றினாள். இரண்டு மாசத்தில் அண்ணன் தொண்ணூற்றொன்று புள்ளி நான்குக்கு வந்தார். நான் எழுபத்தேழரை. அண்ணி அவருடைய கால்சட்டையை முதல் தடவையாகப் பிடித்துத் தைத்தாள்.

அப்புறம்தான் எடை நின்றது.

மூன்று திங்கட்கிழமை. தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு, புள்ளி ஆறு, புள்ளி ஐந்து. மூன்றாவது வாரம் அவர் தராசை விட்டு இறங்கவே இல்லை. காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்.

“போதும்மா. ஆசைப்பட்டதையும் திங்காம, எடையும் குறையாம, எதுக்கு இந்தப் பொழப்பு? போற வயசு வந்தா போயிட்டுப் போறேன்.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் விட்டால் நானும் விட்டுவிடுவேன் என்ற சுயநலமும் அதில் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பிடித்த ஒன்றை ஒரு வாய் கொடுத்தால் மறுபடி ஊக்கம் வருமே என்று தோன்றியது. புதன்கிழமை வரும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில், நடுவில் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்த ஒரு பன் வாங்கிவந்தேன். நாலு மணிக்கு, இரும்பு ஸ்கேலைத் துடைத்து, அதை இரண்டாக வெட்டினேன்.

“இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விரலை நக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை தொண்ணூறு புள்ளி இரண்டு.

“பாத்தியா! உடம்புக்கு நாம கொஞ்சம் கொடுத்தா, அது நமக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்குது” என்று புதுச் சித்தாந்தமே கண்டுபிடித்துவிட்டார். நானும் மண்டையை ஆட்டினேன். என் எடை நானூறு கிராம் ஏறியிருந்தது. அதை நாங்கள் இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை பன், தினம் நாலு மணிப் பன் ஆனது. அட்டையில் இடது பக்கம் எண்பத்தெட்டு, எண்பத்தேழு, எண்பத்தைந்து. வலது பக்கம் எழுபத்தொன்பது, எண்பது. ஒரே பன், ஒரே ஸ்கேல், சரிபாதி வெட்டு. எனக்கு மட்டும் ஏறுகிறது, அவருக்கு இறங்குகிறது. அப்போது நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? பதினெட்டு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவள் என்ன கேட்டிருக்க வேண்டும்? நான் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றெரிச்சல் பட்டேன். கொடுத்துவைத்த உடம்பு, தின்றாலும் கரைகிறது, நமக்குத்தான் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் சதை போடுகிறது என்று பொருமிக்கொண்டு என் பாதியைத் தின்றேன்.

ஆலை முழுக்கப் பேச்சு. டிரைவர்கள் படிக்குக் கீழே நின்று, “கிராம் அண்ணே, பாதி ஆளா எறங்கிட்டீங்க, மீதி எங்க?” என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரிப்பார். நர்ஸ் அவர் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். ஐந்தாவது மாசம் மதிய நேரத்தில் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, நாற்பது தாண்டியவர்களுக்கு நாலு வார்த்தை ஊக்கம் சொல்லுங்கள் என்று அவரை எழுப்பிவிட்டாள்.

நன்றாகத்தான் பேசினார். பசி வரும்போது உங்களுக்கு யார் முகத்தை இன்னும் பார்க்க வேண்டுமோ அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். பேசும்போது நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. உருக்கு உலைக்காரர் ஒருவர் எழுந்து, “நடுவுல மனசு விட்டுப்போச்சுன்னா என்னண்ணே பண்றது?” என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“கூட ஒரு நல்ல ஆள் இருக்கணும்” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கையை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். ஏழு படியில் ஐந்தாவது படியில் நின்று, மேடையை மேற்பார்வை பார்ப்பது போல மூச்சு வாங்கினார். முதுகு வலிக்கிறது என்று நாற்காலியைக் குறை சொன்னார். அண்ணி பஞ்சு வைத்து ஒரு திண்டு தைத்துக் கொடுத்தனுப்பினாள். வெயில் நேரத்திலும் மின்விசிறியை ஒரு சுற்று குறைக்கச் சொன்னார். ஏழாவது மாசம் பன்னில் அவர் பாதியில் பாதி மீந்துபோக ஆரம்பித்தது. “வயிறு சின்னதாயிடுச்சும்மா, முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது” என்று பெருமையாகச் சொன்னார். அதையும் நான்தான் தின்றேன்.

எழுபத்தொன்பது. என் எடை எண்பத்திரண்டு புள்ளி ஆறு. முதல்முறையாக நான் அவரைத் தாண்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

அந்த வாரம் என் வேலைச்சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. பிரித்து அகலமாக்க வேண்டும். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அண்ணனுக்கு மத்தியானம் வரை வேலை. சட்டையை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன்.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே அண்ணனுடைய சாம்பல் கால்சட்டை.

“வா வா. இது அஞ்சாவது தடவை. இங்க பாரேன் கூத்த.” அண்ணி சிரித்தபடி அதைத் திருப்பிக் காட்டினாள். இடுப்பைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் பின்பக்கத்து இரண்டு பாக்கெட்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றன. “இதுக்கு மேல பிடிச்சா ரெண்டும் ஒரே பாக்கெட்டாயிடும். புதுசு எடுங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. சரி, உன் சட்டைக்கு என்ன?”

“அகலமாக்கணும் அண்ணி.”

அண்ணி மெஷினை நிறுத்தினாள். “ரெண்டு பேருக்கும் ஒரே தாள்தானே கொடுத்தாங்க? அவருக்குப் பிடிக்கிறேன், உனக்குப் பிரிக்கிறேன். நீ திருட்டுத்தனமா என்னத்த திங்கற, சொல்லு.”

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு வாய் நிற்கவில்லை. பன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தினம் நாலு மணிக்கு, வெண்ணெயும் சர்க்கரையுமாக, ஆளுக்குப் பாதி, நாலு மாசமாக. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

திட்டு விழவில்லை. நிமிர்ந்தேன். அண்ணி முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

“தினமுமா?”

“தினமும் அண்ணி. மன்னிச்சுக்குங்க.”

“இல்ல. நீ அங்க கறாரா இருக்கேன்னுதான் நான்...” அண்ணி ஊசியிலிருந்து நூலை அறுத்தாள். “அந்த மூணு வாரம் எடை நின்னுச்சு பாரு, அப்ப வீட்டுக்கு வந்து தட்டு முன்னாடி உக்காந்து அழுதாரு. எனக்குத் தாங்கல. அன்னிலேருந்து கஞ்சியில வெண்ணெய் போடறேன். ரெண்டு ஸ்பூன். முட்டையும் கூட ஒண்ணு. அவருக்குத் தெரியாம கலந்து கொடுத்துடுவேன். வேலை எடத்துலதான் நீ பிடிச்சு நிறுத்தறியே, வீட்டுலயாவது நிம்மதியா சாப்பிடட்டும்னு. எடையும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சா, சரி, ஒண்ணும் கெடுதல் இல்லன்னு...”

வீட்டில் அவள் கறாராக இருக்கிறாள் என்று நம்பி நான் ஆலையில் கொடுத்தேன். ஆலையில் நான் கறாராக இருக்கிறேன் என்று நம்பி அவள் வீட்டில் கொடுத்தாள்.

“அப்ப அந்தத் தாள்ல இருந்ததை யாரும்மா செஞ்சது?” என்று அண்ணி கேட்டாள்.

இருவரும் மெஷின் மேல் கிடந்த அந்தக் கால்சட்டையைப் பார்த்தோம். அண்ணி அதை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அப்போது அண்ணன் உள்ளே வந்தார். சனிக்கிழமை வண்டி குறைவு, நேரத்தோடு வந்துவிட்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றியவர், எங்கள் முகத்தைப் பார்த்து, “என்ன, எழவு விழுந்த வீடாட்டம் உக்காந்திருக்கீங்க?” என்றார்.

சொன்னோம். நான் பாதி, அண்ணி பாதி.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணி அளவு எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கினார். காதில் இருந்த பேனாவை எடுத்தார். பன் பாதி என்றால் எத்தனை கிராம் இருக்கும் என்று என்னைக் கேட்டார். வெண்ணெய் குவித்த ஸ்பூனா, தட்டிய ஸ்பூனா என்று அண்ணியைக் கேட்டார். எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தார்.

“நானும் ஒண்ணு மறைச்சிருக்கேன். கேன்டீன்ல காலையில ஒரு டீ, சாயந்தரம் ஒரு டீ. சர்க்கரை போட்டு.”

கீழே கோடு இழுத்தார். உள்ளே போனது இவ்வளவு. போன வருஷம் அவர் சாப்பிட்டதற்கு ஏறக்குறைய சமம். கோட்டுக்குக் கீழே, எடை குறையாமல் நின்ற அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு குறைந்ததை எழுதினார். பன்னிரண்டரை கிலோ. அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். சீட்டு ஒத்துவராத வண்டிக்குத்தான் அவர் அப்படி வட்டம் போடுவார்.

“உடம்பு வாகு அப்படி இருக்கும்ங்க. சில பேருக்கு அப்படித்தான். விடுங்க” என்றாள் அண்ணி. குரல் கெஞ்சியது.

“எடை தானா குறையாது” என்றார் அண்ணன்.

மீதியைச் சொல்லவில்லை. மீதி எனக்குத் தெரியும், பதினெட்டு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அவர் நோட்டை மூடிவிட்டு, சட்டைக்கு மேலே வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி, யாரோ கதவுக்கு வெளியே நிற்பது போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை நாங்கள் அவரை எடை போடவில்லை. அட்டையைக் கழற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடுத்தடுத்துச் சோதனை. ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்களை உட்காரவைத்தார். வயிற்றுக்குப் பின்னால் ஒரு கட்டி. அங்கிருந்து ஈரலுக்கும் போயிருந்தது. முதுகுவலிக்கு நாற்காலி காரணமில்லை.

டாக்டரம்மா அட்டையை மேசையில் வைத்து, பேனா முனையால் இடது பக்க எண்களைத் தொட்டுக்கொண்டே இறங்கினார். மூன்றாவது மாசத்தில் பேனா நின்றது.

“இது வரைக்கும் சாப்பாட்டைக் குறைச்சதால குறைஞ்சிருக்கு, சரி. இங்கேருந்து நல்லா சாப்பிட்டிருக்கார்னு சொல்றீங்க. அப்புறமும் வாரா வாரம் இறங்குது. இதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரலையா?”

அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“வர்றவங்க எல்லாம் எப்பலேருந்து இளைச்சேன்னு தெரியலன்னுதான் சொல்வாங்க. இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்ல. நாலு மாசம் முன்னாடி கொண்டு வந்திருந்தா...” என்றவர் பேனாவை மூடிவிட்டார்.

சுத்தமாக எழுதினேனாம். கோணாமல் கோடு போட்டு, புள்ளி வைத்து, இறங்கின வாரமெல்லாம் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்திருந்தேன். டாக்டரம்மா பேனா அந்த முகங்கள் மேலேயும் ஒவ்வொன்றாகப் போனது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அண்ணன்தான் பேசினார். “என் வண்டியை நானே நிறுத்தலம்மா. இவங்களைச் சொல்லி என்ன?” என்றார்.

செவ்வாய்க்கிழமை தோறும் மருந்து ஏற்றினார்கள். கூடவே டாக்டரம்மா ஒரு புதுத் தாள் கொடுத்தார். வெண்ணெய், முட்டை, பால், பன், எது இறங்குகிறதோ அது. எடை அறுபதுக்குக் கீழே போகவிடாதீர்கள், போனால் உடம்பு தாங்காது, மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அண்ணி அடுப்புக்கு மேலே பழைய தாளின் மேல் புதுத் தாளை ஒட்டினாள். பசை காய்ந்ததும் கீழே இருந்த எழுத்து லேசாகத் தெரிந்தது.

இப்போது நான் பன்னை ஒளித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. முழுப் பன், அவருக்கே அவருக்கு. அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து அண்ணி ஊட்டுவாள். இரண்டாவது வாயில் அவர் கையை உயர்த்திவிடுவார். “திங்கணும்னு ஆசைப்பட்டப்ப தடுத்தீங்க, இப்ப திணிக்கிறீங்க. என்ன ஜென்மங்களோ நீங்க” என்பார். முன்பெல்லாம் இதற்கு நான் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன்.

அட்டையை அவர் விடவில்லை. அறைத் தராசையும் மேனேஜரிடம் கேட்டு வீட்டுக்கே எடுத்துவரச் சொன்னார். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் நான் அவர் வீட்டுக்குப் போய் எடை பார்ப்பேன். எழுபத்திரண்டு. அறுபத்தெட்டு. அறுபத்துமூன்று. பக்கத்தில் முகம் எதுவும் வரைவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஐம்பத்து நான்கு வயது ஆனது. எடைமேடைச் சன்னலில் இப்போது நான்தான் உட்காருகிறேன். அந்தத் துண்டுத் தாள் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கிழித்துவிடலாம் என்று நகத்தை வைத்தேன், முடியவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை போனேன். அண்ணி ஒரு பக்கம் தாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு தராசு வரைக்கும் வந்தார். அந்தச் சாம்பல் கால்சட்டையை நாடாவால் கட்டியிருந்தார். ஏறி நின்றார். கண் மங்கிவிட்டதால் கீழே இருக்கும் எண் அவருக்குத் தெரியாது. கையைச் சுவரிலிருந்து எடுத்தார், அண்ணியையும் விலகச் சொன்னார். எதையாவது பிடித்துக்கொண்டு நின்றால் எடை சரியாக வராது, அது அவர் சட்டம்.

ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு.

அண்ணி என்னைப் பார்த்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரித் தராசு எப்படியும் உண்மையைச் சொல்லப்போகிறது. அது எனக்கும் தெரியும்.

“எவ்வளவும்மா?” என்றார்.

“அறுபத்தொண்ணு அண்ணே.”

தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக ஆயிரக்கணக்கான டிரைவர்களின் குரலை வைத்தே எது பொய் என்று பிடித்த மனுஷன். எங்கே எறங்குச்சு, சொல்லு என்று கேட்கப்போகிறார் என்று நின்றேன்.

அவர் சுவரில் கையை வைத்து மெதுவாகத் தராசை விட்டு இறங்கினார்.

“சரிம்மா. விடு, போகட்டும்” என்றார். “எழுதிக்கோ.”

நான் அட்டையில் அறுபத்தொன்று என்று எழுதினேன்.